மிரர் இருக்கிறது, பேக்கப் எதற்கு?

ஹட்டனில் கொம்பியூட்டர் திருத்துவது என் தொழில். லெப்டொப்பில் உள்ளதைப் பாதுகாப்பது பற்றிக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதிலேயே போய்விட்டது.

கொட்டகலை ஆசிரியை: உயர்தர வகுப்புக் கேள்வித்தாள் எல்லாம் லெப்டொப்பில்தான். இரண்டு டிஸ்க் போட்டு மிரர் செய்தால் போதும் என்கிறார்கள். போதுமா சேர்?

போதாது டீச்சர். மிரர் என்றால், எழுதுவதெல்லாம் அப்போதே இரண்டு டிஸ்கிலும் பதியும். ஒன்று செத்தால் மற்றது ஓடும், வேலை நிற்காது. அதன் உபயோகம் அவ்வளவுதான். தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் வந்து பைலைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். லெப்டொப்பை பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். கடையில் இரண்டு டிஸ்க் பெட்டி ஒன்று வைத்திருந்தேன். இரண்டு பச்சை லைட்டும் எரிந்தால் மனதுக்கு ஒரு நிம்மதி. ஒருநாள் இரவு இடம் போதவில்லை என்று பழையதைக் கழித்துக்கொண்டிருந்தேன். ‘அம்மா’ என்ற போல்டர் இரண்டு இடத்தில் தெரிந்தது. ஒன்றை ஷிப்ட் பிடித்து டிலீட் அடித்தேன். மற்றது வெறும் ஷோர்ட்கட். அம்மா கொழுந்து எடுத்த காலத்துப் படங்கள், ஸ்கேன் செய்து வைத்திருந்தவை, எல்லாம் போயின. காலையில் பார்த்தால் இரண்டு லைட்டும் பச்சையாக எரிகின்றன. பெட்டியின் கணக்கில் எந்தக் குறையும் இல்லை.

நீங்கள் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். விண்டோஸிலேயே ‘பைல் ஹிஸ்டரி’ இருக்கிறது. போன வாரத்துப் பைலையும் அதற்கு முந்தியதையும் தனித்தனியாக வைத்திருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் செருகுங்கள், முடிந்ததும் கழற்றுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு பைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று சொல்லமாட்டேன்.

தலவாக்கலையிலிருந்து: பென் டிரைவில் போட்டு வைத்தால்?

எடுத்துப்போகச் சரி. வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம்.

நுவரெலியாவிலிருந்து: வெளி டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருக்கிறேன். தானாக பேக்கப் ஆகிறது. சரிதானே?

இல்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி இறங்கும் மலை இது. சார்ஜர் வழியாக வரும் மின்னல் லெப்டொப்போடு நிற்காது. பைலைப் பூட்டும் வைரஸும் செருகியிருக்கும் டிஸ்க் எல்லாவற்றுக்கும் போகும். இடி கேட்டால் வயரைக் கழற்றுங்கள்.

தோட்ட ஆபிஸிலிருந்து: செக்ரோல் என்ற தொழிலாளர் சம்பளக் கணக்கை டிஸ்கில் எடுத்து மேசை லாச்சியில் பூட்டி வைக்கிறேன்.

பூட்டியது நல்லது, லாச்சிதான் சரியில்லை தம்பி. கள்ளனும் நெருப்பும் மேசையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தை மண்சரிவில் லயன் வீடுகளே மண்ணுக்குள் போயின. பணம் பற்றிய கணக்கில் மூன்று கொப்பி வேண்டும். இரண்டு வகைப் பொருளில், ஒன்றாவது வேறு இடத்தில். தோட்டத் துரையிடம் அனுமதி வாங்கி ஒன்றை வெளியே வையுங்கள். டிஸ்கைப் பூட்டும் பிட்லொக்கர் போட்டிருந்தால் அந்த 48 இலக்கத் திறவுகோலைக் கடதாசியில் எழுதி வேறாக வையுங்கள். அதை அதே லெப்டொப்பில் சேமித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

பதுளை, கல்யாணப் படம் எடுப்பவர்: அண்ணே, இதெல்லாம் பென் டிரைவ் ஆட்களுக்கு. என்னிடம் மிரர் பெட்டி. 6 வருடமாக ஒரு படம் போனதில்லை.

போனதில்லை என்று எப்படித் தெரியும்? திறந்து பார்த்தீர்களா?

பண்டாரவளையிலிருந்து ஒருவர் இடையில்: மிரர் பழசு அண்ணே. டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ‘ரெய்ட்’ முறையில் அதுவும் ஒரு வகைதான். ரெய்ட் 5 போடச் சொல்லுங்கள், மூன்று டிஸ்க்.

பதுளைக்காரர்: நான் ஏன் மூன்று வாங்க வேண்டும்? கம்பனிக்காரர்களே ரெய்ட்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, ரெய்டுக்கே போவோம். 1987இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் அந்தப் பெயரை வைத்தார்கள். விலை கூடிய ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டலாம். ஒன்று பழுதானாலும் தரவு போகாமல் இருக்க வழி செய்யலாம் என்பது அவர்கள் பேச்சு. நீங்கள் டிலீட் அடிப்பதற்கு அதில் மருந்து இல்லை. மூன்று டிஸ்க் போட்டாலும், முப்பது போட்டாலும். கம்பனிக்காரர்கள் ரெய்டும் வைக்கிறார்கள், பேக்கப்பும் வைக்கிறார்கள். கல்யாண நாளன்று டிஸ்க் செத்தால் உங்கள் மிரர் காப்பாற்றும், மறுக்கவில்லை.

பண்டாரவளை: ரெய்ட் 6 என்றால்?

தம்பி!

பேராதனை மாணவி: கூகுள் டிரைவ் இருக்கிறதே அண்ணா?

நல்லதுதான் தங்கச்சி, 15 ஜிபி இலவசம், ஆய்வுக்கட்டுரைக்குத் தாராளம். ஆனால் லெப்டொப்போடு இணைத்து வைத்தால் இங்கே அழித்தது அங்கேயும் போகும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு இல்லை. வெளி டிஸ்க் ஒன்றும் வேண்டும்.

வட்டவளையிலிருந்து: இரண்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) உள்ள லெப்டொப் வாங்கினால் பேக்கப் தேவையில்லைதானே?

டீச்சருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: எஸ்எஸ்டியில் அழித்ததை மீட்கலாமா?

உடனே நிறுத்தி வையுங்கள். ஆனால் நம்பிக்கை வேண்டாம். அழித்த இடத்தை ‘டிரிம்’ என்ற தானியங்கி வேலை துடைத்துவிடும்.

ராகலையிலிருந்து: மிரர் செய்தால்...

இல்லை.

பதுளைக்காரர் மறுபடி: அண்ணே, முதல் வருடத்துக் கல்யாணம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். மூன்று படம் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம்.

எப்போதிலிருந்து?

தெரியாது. இரண்டு டிஸ்கிலும் அப்படித்தான்.

வேறு கொப்பி?

பொண்ணு வீட்டுக்கு ஒரு டிவிடி கொடுத்தேன். பசறைப் பக்கம்.

இன்றைக்கே போய்க் கேளுங்கள். மழை கட்டுகிறது, கிளம்பும் முன் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள்.