1943 செப்டெம்பரில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தது

ஓம் தம்பி, அப்பப்பாவின் டயறியில் 1943 செப்டெம்பர் 27 அன்று ‘துறைமுகத்தில் கப்பல்கள் வெடித்தன’ என்றிருப்பதற்கு நீர்மூழ்கியைத் தேடிக் களைக்காதீர்கள். அது ஆபரேஷன் ஜேவிக்: அப்போது ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த சிங்கப்பூரில் அவர்களின் கப்பல்களைத் தகர்க்க நேச நாட்டுப் படையினர் நடத்திய இரகசியத் தாக்குதல். கிரெய்ட் என்ற பழைய ஜப்பானிய மீன்பிடிப் படகில், தோலுக்குச் சாயம் பூசி, எங்கட ஆட்கள் மாதிரிச் சாரமும் கட்டி, ஜப்பானியக் கொடியோடு 14 பேர் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தார்கள். அதில் 6 பேர் மட்டும் 3 மடக்கு வள்ளங்களில் இரவோடிரவாகத் துடுப்புப் போட்டுப் போய், காந்தத்தால் ஒட்டும் வெடிகளைக் கப்பல்களின் நீர்மட்டத்துக்குக் கீழே பொருத்திவிட்டுத் திரும்பினார்கள்.

அவர்கள் எல்லோரும் தப்பிவிட்டார்கள், பழி விழுந்தது ஊர்ச்சனத்தின் தலையில். உள்ளூர் ஆட்கள்தான் செய்திருப்பார்கள் என்று சந்தேகித்து, ஒக்டோபர் 10 தொடங்கி ஜப்பானிய இராணுவப் பொலிசான கெம்பெய்தாய் 57 பேரைப் பிடித்தது. 15 பேர் காவலிலேயே செத்தார்கள். டயறியில் ஒக்டோபர்ப் பக்கங்கள் இல்லை என்றீர்களே, பயத்தில் அவரே கிழித்திருக்கலாம். தையல் ஓரத்தை ஒருக்கால் பாருங்கள்.