கால் எலும்பைக் கொண்டு அழிந்துபோன காண்டாமிருகங்களை இனங்காணுதல்: கேள்வி பதில்

கேள்வி: பல்லோ மண்டையோடோ இல்லாமல் கால் எலும்பு மட்டும் கிடைத்தால், அது எந்தக் காண்டாமிருகத்துக்கு உரியது என்று சொல்ல முடியுமா?

பதில்: பேரினம் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) வரை பல நேரங்களில் சொல்லிவிடலாம், சிற்றினம் வரை செல்வது கடினம். வட அமெரிக்காவின் பிந்தைய மயோசீன் (சுமார் 1.16 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காலம்) படிவுகளில் டெலியோசெராஸ், அஃபெலாப்ஸ் என்னும் இரு காண்டாமிருகங்களின் எலும்புகள் பல இடங்களில் கலந்தே கிடைக்கின்றன. இரண்டும் பெருத்த உடல் கொண்டவை என்பதால் உடைந்த விலா எலும்பை வைத்துக்கொண்டு எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் முன்னங்காலின் நடுவிரலோடு இணையும் உள்ளங்கை எலும்பு முழுதாகக் கிடைத்துவிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்: டெலியோசெராஸில் அது குட்டையாகவும் அகன்றும், அஃபெலாப்ஸில் நீண்டும் ஒடுங்கியும் இருக்கும். எலும்பின் நடுப்பகுதி அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வரும் எண்ணையே முதலில் பார்க்க வேண்டும். நீளத்தை மட்டும் நம்பினால், ஒரே இனத்தின் பெரிய ஆணையும் சிறிய பெண்ணையும் இரு வேறு இனங்களாகப் பிரித்துவிட நேரும்.

கேள்வி: அது காண்டாமிருகம்தான் என்பதை முதலில் எப்படி உறுதிசெய்வது?

பதில்: கணுக்கால் எலும்பைப் பாருங்கள். மாடு, மான் போன்ற இரட்டைக் குளம்பிகளில் அதன் மேல்முனை, கீழ்முனை இரண்டுமே கப்பி வடிவில் இருக்கும். காண்டாமிருகத்தில் மேல்முனை மட்டுமே அப்படி இருக்கும். தொடை எலும்பின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்றாவது முண்டும் நல்ல அடையாளமே என்றாலும், அது குதிரைக்கும் உண்டு.

கேள்வி: ஒரே இனத்துக்குள் எலும்பின் அளவு எவ்வளவு மாறலாம் என்பதை எதைக் கொண்டு அறிகிறார்கள்?

பதில்: இதற்கு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள ஆஷ்ஃபால் படிவுக்கு இணையான இடம் அரிது. சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு நீர்நிலையைச் சுற்றி எரிமலைச் சாம்பலில் மடிந்த டெலியோசெராஸ் கூட்டம், எலும்புகள் மூட்டுக் கழலாமல், கன்றுகளும் தாய்களுமாக அங்கே கிடக்கிறது. ஒரே இனம், ஒரே இடம், ஏறத்தாழ ஒரே காலம் என்பதால், அங்கே காணும் வேறுபாடு வயதாலும் பாலாலும் தனி விலங்குகளின் இயல்பாலும் வந்தது என்று துணிந்து சொல்லலாம். வேறோர் இடத்தில் கிடைத்த எலும்பு அந்த வரம்புக்குள் அடங்கினால் புதிய பெயர் சூட்ட அவசரப்படக் கூடாது. முனைகள் தண்டோடு இன்னும் ஒட்டாத இளம் எலும்புகளை முதிர்ந்தவற்றோடு ஒப்பிடவே கூடாது.

கேள்வி: கால் எலும்புகளையும் சான்றாகக் கொண்டு புதிய இனம் எதுவும் அறிவிக்கப்பட்டிருக்கிறதா?

பதில்: ஆம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள கிரே படிவிலிருந்து 2019இல் விவரிக்கப்பட்ட டெலியோசெராஸ் ஏபிசோமா அத்தகையது. மற்ற டெலியோசெராஸ்களைவிட அதன் முன்னங்கால்கள் நீண்டவை. ஒரே விலங்கின் எலும்புகள் சேர்ந்து கிடைத்தது இங்கே பெரிய நற்பேறு. பல விலங்குகளின் எலும்புகள் கலந்த குவியலிலிருந்து முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டால் அந்தக் கணக்கை நம்ப முடியாது.

கேள்வி: குஜராத்தின் பிராம் தீவின் பெயரைத் தாங்கிய பிராக்கிபோதேரியம் பெரிமென்ஸ் என்னும் அழிந்துபோன காண்டாமிருகத்துக்கும் கால் குட்டைதானே? குட்டைக்கால் உள்ளவை எல்லாம் உறவினங்களா?

பதில்: பிராக்கிபோதேரியமும் டெலியோசெராஸும் ஒரே கிளையில் வைக்கப்படுபவை. ஆனால் ஆசியாவின் கைலோதேரியம் வேறு கிளையைச் சேர்ந்தது; அதற்கும் கால் குட்டை. ஆகவே குட்டைத்தன்மை தனித்தனியாகவும் தோன்றியிருக்கிறது. உறவைத் தீர்மானிக்கப் பல்லும் மண்டையோடும் மூட்டுப் பரப்புகளின் நுண்வடிவமும் சேர்ந்து பேச வேண்டும்.

கேள்வி: குட்டைக்கால் இருப்பதால் டெலியோசெராஸ் நீர்யானையைப் போல நீரில் வாழ்ந்தது என்று கொள்ளலாமா?

பதில்: கால் எலும்பை மட்டும் வைத்து அப்படிக் கொள்ள முடியாது. பல் எனாமலில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்த ஆய்வுகளும் இதில் ஒரே முடிவுக்கு வரவில்லை. பெரும் எடையை நிலத்துக்கு அருகில் தாங்கிய விலங்கு அது என்பதையே எலும்பு காட்டுகிறது. தரையில் தாழ்ந்த புல்லை மேய்வதற்கும் அந்த உடலமைப்பு ஏற்றதே.