நிலக்காட்சி ஓவியத்தில் வெளிச்சம்: கேள்வி பதில்

கே: ஒரு நிலக்காட்சியைப் பார்த்ததும் ‘அமைதி’, ‘சோகம்’ என்று எழுதிவிடுகிறேன். ஏன் என்று கேட்டால் முழிக்கிறேன். எங்கே தொடங்குவது, சார்?

ப: உணர்வைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு நிழலைப் பாருங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சூரியன். சமதரையில் நிழலும் மரமும் ஒரே நீளம் என்றால் சூரியன் 45 பாகையில் நிற்கிறது. நிழல் இரண்டு மடங்கு நீண்டால் 27 பாகைக்கு இறங்கிவிட்டது. இந்தக் கணக்கு பக்கவாட்டில் விழும் நிழலுக்குத்தான். நம்மை நோக்கி வரும் நிழல் நீளத்தில் ஏமாற்றும். நிழலின் ஓரம் வெட்டினாற்போல் இருந்தால் தெளிந்த வானம், கரைந்து போனால் மேகமூட்டம்.

அடுத்து, கண்ணைப் பாதி மூடிக்கொள்ளுங்கள். இலை, கிளை எல்லாம் மறைந்து அடர்த்தியும் வெளுப்புமாக நாலைந்து திட்டுகள்தான் மிஞ்சும். இரண்டும் எங்கே உரசுகின்றன? ஓவியர் நம்மை இழுக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். திட்டுகளெல்லாம் நெருங்கிய சாம்பல்களாக இருந்தால் காட்சி அடங்கிக் கிடக்கும். நீங்கள் ‘அமைதி’ என்று எழுதியது அதைப் பார்த்துத்தான்.

கே: நிழலில் நீலம் பூசியிருந்தால் சோகம்தானே?

ப: இல்லை. வெயில் படாத இடத்துக்கு வெளிச்சம் தருவது நீல வானம். அதனால்தான் அந்த நிறம். நீல நிழல் பெரும்பாலும் நல்ல வெயிலுக்குச் சாட்சி.

கே: பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ‘இம்ப்ரெஷன், சன்ரைஸ்’ (சூரிய உதயம்) படத்தில் சூரியன் துடிப்பதுபோல் இருக்கிறதே, எப்படி?

ப: 1872-இல் வரைந்த அந்தப் படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போகும்! பிரகாசத்தில் அதுவும் சுற்றியுள்ள மூட்டமும் ஏறக்குறைய சமம். நிறம் மட்டும்தான் வேறு, சாம்பல்நீலத்தில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு. இடத்தைக் கணிக்க நம் பார்வை பிரகாச வேறுபாட்டைத்தான் அதிகம் நம்புகிறது. அது இல்லாததால் பொட்டு ஓரிடத்தில் நிற்பதில்லை. சூரியன்தானே என்று வெள்ளையை ஏற்றியிருந்தால் இந்தத் துடிப்பு செத்திருக்கும்.

கே: பழைய ஓவியங்கள் எல்லாமே அந்திநேரமாகத் தெரிகின்றன.

ப: பல சமயம் அது வார்னிஷ், அதாவது ஓவியத்தின் மேல் பாதுகாப்புக்காகப் பூசும் பளபளப்புப் பூச்சு. வயதாக ஆக மஞ்சளாகி, நீல வானத்தைப் பச்சையாக்கிவிடும். உண்மையான அந்தி என்றால் வெயில் பட்ட இடம்தான் மஞ்சளாகும், நிழல் குளிர்ந்தே இருக்கும். நிழல், மேகம், வெள்ளைச் சட்டை என்று பாரபட்சமில்லாமல் மஞ்சள் ஏறியிருந்தால் வார்னிஷைச் சந்தேகியுங்கள். நிலக்காட்சி இல்லையென்றாலும் ரெம்ப்ராண்டின் 1642 ஓவியத்துக்கு ‘நைட் வாட்ச்’ (இரவுக் காவல்) என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் கறுத்த வார்னிஷுக்குப் பங்குண்டு.

கே: வான்கோவின் காக்கை பறக்கும் கோதுமை வயல் அவருடைய கடைசி ஓவியம், அதனால்தான் அந்த பயங்கரமா?

ப: 1890 ஜூலையில் வரைந்தது, ஆனால் கடைசி ஓவியம் அல்ல. வாழ்க்கைக் கதையை விட்டுவிட்டுக் கண்ணைப் பாதி மூடுங்கள். பகல் காட்சியில் வழக்கமாக வானம் வெளுப்பு, தரை அடர்த்தி. இங்கே தலைகீழ்: கருநீல வானத்துக்குக் கீழே வயல் மஞ்சளாய் எரிகிறது. அந்த பயங்கரம் இதிலிருந்துதான்.