ஆளில்லாத் தீவில் குடியேறலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரைச்சலும் பரபரப்பும் எட்டாத ஒரு தொலைதூரத் தீவில் எஞ்சிய காலத்தைக் கழிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உலகிலேயே மிகத் தனித்திருக்கும் தீவு எது? அங்கே குடியேற முடியுமா?

பதில்: மக்கள் வாழும் தீவுகளில் பிற ஊர்களிலிருந்து மிகவும் விலகிக் கிடப்பது தென் அட்லாண்டிக் கடலிலுள்ள டிரிஸ்டன் டா குன்யா. கேப் டவுனிலிருந்து அதன் தொலைவு சுமார் 2,800 கிலோமீட்டர். விமான நிலையம் கிடையாது. ஆண்டுக்குச் சில முறை மட்டுமே புறப்படும் கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம் பயணம் செய்த பிறகும், அலை அடங்கும்வரை கரைக்கு அப்பால் காத்திருந்துதான் இறங்க வேண்டும். ஆனால் நீங்கள் அங்கே குடியேற முடியாது. நிலம் முழுவதும் தீவு மக்களின் பொதுச் சொத்து. வெளியாட்கள் அதை வாங்கவோ, நிரந்தரமாகத் தங்கவோ வழியில்லை. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கே தீவு மன்றத்தின் முன் அனுமதி வேண்டும்.

இந்தக் கண்டிப்பில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். 1816-இல் அங்கே நிறுத்தப்பட்ட பிரிட்டிஷ் படை மறு ஆண்டே திரும்பியபோது, வில்லியம் கிளாஸ் என்ற வீரர் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார். அவரும் தோழர்களும் எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தம், உடைமைகள் அனைவருக்கும் சமம் என்றும், ஒருவர் மற்றவரைவிட உயர்ந்தவராகத் தம்மைக் கருதக் கூடாது என்றும் கூறியது. இன்று 250 பேருக்கும் குறைவாக வாழும் அந்த ஊரில், ஒரு குடும்பம் எத்தனை கால்நடைகளை வைத்துக்கொள்ளலாம் என்பதற்குக்கூட வரம்பு உண்டு. 1961-இல் எரிமலை வெடித்து 264 பேரும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்; மறு ஆண்டு வாக்கெடுப்பு நடந்தபோது, திரும்பிச் செல்ல 148 பேரும் எதிராக 5 பேரும் வாக்களித்தார்கள். அவர்கள் ஊர் திரும்பியது தனிமையை நாடி அல்ல, ஒருவர் உருளைக்கிழங்கு வயலில் இன்னொருவர் கைகொடுக்கும் அந்த வாழ்க்கையை நாடி. உலகத்தை விட்டு விலக விரும்பும் ஒருவருக்கு அந்த ஊர் ஏற்றதாக இராது. அங்கே எவரும் எவரிடமிருந்தும் விலகி வாழ முடியாது.

கேள்வி: அப்படியானால் ஆளே இல்லாத தீவில் தன்னந்தனியாக வாழ்ந்தவர்கள் யாருமே இல்லையா?

பதில்: இருக்கிறார்கள். நியூசிலாந்தில் பிறந்த டாம் நீல், பசிபிக் கடலிலுள்ள குக் தீவுகளைச் சேர்ந்த சுவாரோ பவளத்தீவில் 1952 முதல் 1977 வரை மூன்று கட்டங்களாக, இடையிடையே சில ஆண்டுகள் வெளியே இருந்தபடி, பல ஆண்டுகள் தனியாக வாழ்ந்தார். அவருடைய மன உறுதியை நான் மதிக்கிறேன். ஆயினும் அவர் போய் இறங்கியது வெறும் மணல்திட்டில் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது கடல் கண்காணிப்புக்காக அங்கே இருந்தவர்கள் விட்டுச்சென்ற குடிலும், மழைநீர்த் தொட்டிகளும் அவருக்குக் கிடைத்தன. அவை இல்லையென்றால் அவரால் நீண்ட நாள் தங்கியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

பவளத்தீவில் ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் குறுகலான தீவில் அந்தப் படலமே உருவாகாமல் போகலாம். உருவானாலும், அளவுக்கு மீறி இறைத்தாலோ புயலலை தீவுக்குள் ஏறினாலோ கிணறு உப்பாகிவிடும். தீவுக்குப் போக நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி தண்ணீரைப் பற்றியது.

அடுத்தது உடம்பு. 1954-இல் நங்கூரத்தை வீசும்போது நீலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எப்படியோ படகைச் செலுத்திக் குடிலுக்குத் திரும்பியவர், நான்கு நாட்கள் எழுந்திருக்க முடியாமல் படுத்துக்கிடந்தார். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த ஒரு பாய்மரப் படகுக்காரர்கள்தான் அவரைக் காப்பாற்றினார்கள். யாரிடமிருந்து விலகி வந்தாரோ, அந்த உலகத்தைச் சேர்ந்தவர்களே வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

கேள்வி: நாகரிகத்தை விட்டு நீங்கினால், அதோடு பிறந்த பொறாமையும் பகையும் நீங்கிவிடாதா?

பதில்: தென் பசிபிக் கடலிலுள்ள பிட்கெய்ர்ன் தீவின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1790-இல், பவுன்ட்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் கலகம் செய்த 9 மாலுமிகள், பசிபிக் தீவுகளைச் சேர்ந்த பாலினேசிய ஆண்கள் அறுவரோடும் பெண்களோடும் அங்கே ஒளிந்துகொண்டார்கள். நிலம் வளமானது, தேடி வருவார் எவருமில்லை. ஆனால் மாலுமிகள் தீவை ஒன்பது பங்காகத் தமக்குள் பிரித்துக்கொண்டு, பாலினேசிய ஆண்களுக்கு ஒரு பிடி மண்கூடக் கொடுக்கவில்லை. பெண்களையும் உடைமைபோலவே நடத்தினார்கள். சில ஆண்டுகளுக்குள் கொலைகள் தொடங்கின. 1808-இல் ஓர் அமெரிக்கக் கப்பல் அங்கே வந்தபோது, வந்திறங்கிய ஆண்களில் ஜான் ஆடம்ஸ் ஒருவரே உயிரோடிருந்தார். அதே தீவில், சிறுமியர் மீது நிகழ்ந்த பாலியல் குற்றங்களுக்காக 2004-இல் ஆறு ஆண்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். கேட்பாரற்ற தொலைவு, வலிமை குறைந்தவர்களை எந்த அளவுக்குக் கைவிட்டுவிடுகிறது என்பதை எண்ணினால் எனக்கு மனம் கனக்கிறது. நாம் எதிலிருந்து தப்ப விரும்புகிறோமோ அதில் காவலும், நீதிமன்றமும், ஓடிப்போய் முறையிட ஓர் அடுத்த ஊரும் அடங்கியிருக்கின்றன.

கேள்வி: மனிதர் கெடுக்காத தீவு ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா?

பதில்: பிட்கெய்ர்னுக்கு அருகிலுள்ள ஹெண்டர்சன் தீவில் யாரும் வசிப்பதில்லை. ஆயினும் கடலோட்டம் கொண்டுவந்து சேர்த்த பிளாஸ்டிக் துண்டுகள் அங்கே சுமார் 3.8 கோடி இருக்கும் என்று 2017-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. முற்காலப் பாலினேசியர்களோடு வந்த எலிகள் இன்றும் கடற்பறவைக் குஞ்சுகளைத் தின்கின்றன. அவற்றை ஒழிக்க 2011-இல் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. மிஞ்சியிருக்கும் இத்தகைய தீவுகளில் யாரும் குடியேறாதிருப்பதே நல்லது என்பது என் கருத்து. உங்கள் ஆசை உண்மையானது என்றால், வேலையாகச் செல்லுங்கள். டிரிஸ்டனுக்குத் தெற்கே உள்ள கஃப் தீவில் தென்னாப்பிரிக்காவின் வானிலை நிலையம் 1956 முதல் இயங்குகிறது. ஒரு சிறு குழு அங்கே ஓராண்டுக்கு மேல் தங்கிப் பணியாற்றும். அடுத்த குழு வந்ததும் ஊர் திரும்பும். அந்த நாட்டவருக்கான வேலை அது என்றாலும், தொலைதூரத் தீவுகளில் பறவை ஆய்வுக்கும் பாதுகாப்புக்கும் ஆள் தேவைப்படும் இடங்கள் வேறு நாடுகளிலும் உண்டு.