DJI மினி 2 ட்ரோன்: ஒரு பிளேடு மட்டும் மாற்றியபின் வீடியோ ஆடுவது

வீடியோ ஆடுவதற்கு மோட்டாரைக் குறை சொல்லாதீங்க. ஒரு மோட்டாரில் உள்ள 2 பிளேடுகளில் முனை உடைந்ததை மட்டும் மாற்றி, அதன் ஜோடியான பழையதை அப்படியே விட்டதாக எழுதியிருக்கீங்க. ஜோடியின் எடை ஒத்துப்போகாததால்தான் அதிர்வு, படம் ஜெல்லி மாதிரி ஆடுவதும் அதனால்தான். ஒரே பாக்கெட்டில் வந்த 2 பிளேடுகளையும் அதிலுள்ள புது ஸ்க்ரூக்களோடு போடுங்க. குறியிட்ட பிளேடு, ட்ரோனில் மோட்டாரைத் தாங்கும் கைகளில் குறியிட்ட கைக்குத்தான். மாறினால் கிளம்பும்போதே கவிழும். முறுக்கியபின் பிளேடு விரலால் தள்ளினால் தடையின்றி மடங்கணும். ஸ்க்ரூவில் லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) தடவும் யோசனை வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும்.

பிறகும் ஆடினால், அந்த ஜோடியை மூலைவிட்ட எதிர் மோட்டாரின் ஜோடியோடு இடம் மாற்றுங்க. அதிர்வு கூடவே நகர்ந்தால் பிளேடு, நகராவிட்டால் மோட்டார். பிளேடைக் கழற்றி மோட்டாரைக் கையால் சுற்றுங்க, மணல் இருந்தால் கரகரக்கும்.