மான்ட்ரியல் பயணத்துக்கு ஆல் சீசன் டயர் போதுமா?

டொரன்டோவில் அண்மையில் குடியேறிய வாசகர் ஒருவர், பணி நிமித்தமாக இந்தக் குளிர்காலம் முழுவதும் மான்ட்ரியலுக்கு அடிக்கடி காரில் சென்று வர வேண்டியிருப்பதாகவும், தம்முடையது ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும்) கார் என்பதால் இப்போதுள்ள, எல்லாப் பருவத்துக்கும் என விற்கப்படும் ஆல் சீசன் டயர்களே போதுமா என்றும், வேறு என்ன ஆயத்தம் தேவை என்றும் கேட்டிருக்கிறார்.

போதாது. ஆல் வீல் டிரைவ் பனியில் காரை நகர்த்த உதவும். பிரேக் பிடிக்கும்போது அதனால் பயன் இல்லை. வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது ஆல் சீசன் உள்ளிட்ட சாதாரண டயரின் ரப்பர் இறுகிச் சாலையைப் பற்றும் திறனை இழக்கத் தொடங்குகிறது. பனி பெய்யாத, வெறும் ஈரமான சாலையிலும் இதுதான் நிலை. குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் பனித்துகள் பொறித்த சின்னம் உள்ள டயர்களை, இரண்டு மட்டுமல்லாமல் நான்கு சக்கரங்களிலும் பொருத்துங்கள். இரண்டை மட்டும் மாற்றினால் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பிடிமானம் வேறுபட்டு, வளைவில் கார் சுழன்றுவிடக்கூடும்.

மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இத்தகைய டயர்கள் கட்டாயம். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பதிவான உங்கள் காருக்கு அச்சட்டம் பொருந்தாது என்றாலும், சாலையில் உறைந்த பனி பதிவு எண்ணைப் பார்ப்பதில்லை. ஒன்டாரியோவில் குளிர்கால டயருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தர வேண்டும் என்ற விதி 2016 முதல் இருக்கிறது, கேட்டுப் பெறுங்கள். வெப்பநிலை 5, 6 டிகிரி குறைந்தாலே டயரில் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. (டயர் காற்றழுத்தத்தின் அலகு) அழுத்தம் குறையும் என்பதால், ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு அதைச் சரிபார்க்க வேண்டும்.

கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 டிகிரி வரை உறையாத வகையாக இருக்கட்டும். பனி சுரண்டி, சிறு மண்வாரி, சக்கரத்தடியில் தூவ ஒரு பை மணல், டார்ச், ஜம்பர் கேபிள், கம்பளி ஆகியவற்றைக் காரிலேயே வைத்துவிடுங்கள்.

ஆனால் பலரும் கோட்டைவிடுவது உடையில்தான். கார் கதகதப்பாக இருக்கிறது என்று மெல்லிய காலணியுடன் புறப்பட்டு, ஈரப்பனியில் இறங்கி மண்வாரி பிடிக்க நேர்ந்தால் சில நிமிடங்களிலேயே விரல்கள் மரத்துப்போகும். நனைந்த பருத்தி உடல் வெப்பத்தை உறிஞ்சிவிடும். ஆகவே உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, வெளியே நீர் புகாத மேலங்கி, மாற்றுவதற்கு ஒரு ஜோடி கையுறையும் காலுறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்தாலோ பனிப்புயலாலோ, டொரன்டோவிலிருந்து மான்ட்ரியல் நோக்கிச் செல்லும் 401 நெடுஞ்சாலை மூடப்பட்டு மணிக்கணக்கில் காத்திருக்க நேரலாம். எரிபொருள் பாதித் தொட்டிக்குக் கீழே போக விடாதீர்கள். அப்படிச் சிக்கினால் காரைவிட்டு நடக்காமல், புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முதலில் அகற்றுங்கள். அது அடைபட்டால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து உயிரைப் பறித்துவிடும். பிறகும் எஞ்சினை இடைவிட்டுச் சிறிது நேரமே ஓட்டி, அப்போது காற்று வராத பக்கத்துச் சன்னலைச் சற்றே திறந்து வையுங்கள்.