பூஸ்டர் டப்பாவும் அடியிலை மஞ்சளும்

கேள்வி: ஐயா, வணக்கம். மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கரில் ஆந்திரா பொன்னி (பிபிடி 5204) சம்பா நட்டு 50 நாள் ஆகிறது. இதுவரை ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி, இரண்டரை மூட்டை யூரியா போட்டிருக்கிறேன். பயிர் மேலே கருகருவென்று இருக்கிறது, ஆனால் விலக்கிப் பார்த்தால் அடி இலைகள் மஞ்சளாகிக் காய்கின்றன. கான்ட்ராக்ட் நடவு என்பதால் கொஞ்சம் நெருக்கம், குத்துக்கு ஏழெட்டு நாற்று வைத்துவிட்டார்கள். உரக்கடைக்காரர் ‘ஒளிச்சேர்க்கை பூஸ்டர்’ என்று அரை லிட்டர் 780 ரூபாய்க்குக் கொடுத்தார். ஒருமுறை அடித்தேன், மூன்றே நாளில் பச்சை ஏறியது. இன்னொரு முறை அடித்து, கூடவே ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவும் போடச் சொல்கிறார். அடிக்கலாமா? இன்னொன்று, மக்காச்சோளம் மாதிரி வெயிலை இழுக்கும் நெல் ரகத்தை அரசாங்கம் விட்டிருப்பதாக வாட்ஸப்பில் வந்தது. விதை எங்கே கிடைக்கும்? போன வருடம் பதர் அதிகம், அதனால்தான் கவலை.

பதில்: டப்பாவை அடிக்க வேண்டாம், யூரியா மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம், நீங்கள் கேட்கும் விதை இன்னும் வரவில்லை. கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறதே, அடி இலை மஞ்சளாகிக் காய்கிறது என்று, கேள்வியாக நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

முதலில் உங்கள் உரக்கணக்கைப் போட்டுவிடுகிறேன். யூரியா மூட்டை 45 கிலோ, அதில் தழைச்சத்து 46 சதவீதம். இரண்டரை மூட்டைக்குக் கிட்டத்தட்ட 52 கிலோ தழைச்சத்து. டிஏபி மூட்டையில் இன்னொரு 9 கிலோ. ஆக 61 கிலோ. மத்திய, நீண்ட கால ரகங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ, அதுவும் நான்காகப் பிரித்து முழுப் பருவத்துக்கும் சேர்த்து. நீங்கள் அத்தனையையும் 50 நாளிலேயே போட்டு முடித்துவிட்டீர்கள். இதற்கு மேல் இன்னொரு மூட்டை போடச் சொல்கிறவர் உங்கள் வயலைப் பார்த்துச் சொல்லவில்லை, தன் குடோனைப் பார்த்துச் சொல்கிறார்.

நெல் இலைக்கு ஒரு குணம் உண்டு. உச்சி வெயிலில் அது தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதியோடு நிறைந்துவிடும், அதற்கு மேல் கொட்டினாலும் அதனால் மாவாக்க முடியாது, வெப்பமாக வெளியே தள்ளிவிடும். மேல் இலைக்கு இப்படித் திகட்டத் திகட்ட வெளிச்சம், கீழ் இலைக்கோ பட்டினி. ஐஆர் 8 காலத்தில் குட்டை ரகங்கள் வந்து மகசூல் எகிறியதே, அப்போது இலையின் ஒளிச்சேர்க்கை வேகத்தை யாரும் கூட்டவில்லை. இலையை நிமிர்த்தி வைத்தார்கள், வெளிச்சம் அடிவரை இறங்கியது. வைக்கோலுக்குப் போன பங்கு குறைந்து கதிருக்குக் கூடியது. உயரம் குறைந்ததால் உரம் போட்டாலும் சாயாமல் நின்றது. நீங்கள் குத்துக்கு ஏழெட்டு நாற்று வைத்து, தழைச்சத்தையும் கொட்டி, நிமிர்ந்து நிற்க வேண்டிய இலையை நீளமாக்கித் துவள விட்டிருக்கிறீர்கள். குட்டை ரகத்தை வாங்கிவந்து பழைய நெட்டை ரகமாக மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். போதாததற்கு இது கார்த்திகை, வானமும் மூட்டமாக இருக்கும்.

அடி இலை போனால் போகட்டும், மேல் இலைதானே கதிருக்குச் சோறு போடுகிறது என்று சிலர் சொல்வார்கள். அங்கேதான் போன வருடப் பதருக்கும் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நெல்லில் வேருக்குச் சாப்பாடு அனுப்புவது பெரும்பாலும் அடி இலைகள். அவை இருட்டில் செத்தால் வேர் பட்டினி. பட்டினி கிடக்கும் வேர் கறுத்துப்போகும், கதிர் வந்து பால் பிடிக்கிற நேரத்தில் மேலே சத்தும் தண்ணீரும் அனுப்பாது. அப்போது கண்ணாடி இலையும் (கதிரை ஒட்டி உச்சியில் நிற்கும் கடைசி இலை) அதற்குக் கீழே உள்ள இரண்டு இலைகளும் அறுவடைக்கு மூன்று வாரம் முன்பே பழுத்துவிடும். நெல்மணிக்குள் போகும் மாவில் பெரும்பகுதி பூத்த பிறகு அந்த மூன்று இலைகள் செய்வது. அவை சீக்கிரம் போனால் பதர் வராமல் என்ன செய்யும்? ‘ஒளிச்சேர்க்கையைக் கூட்டுவது’ என்ற பெரிய வார்த்தைக்கு நம் வயலில் அர்த்தம் இதுதான்: அந்த மூன்று இலைகளை எத்தனை நாள் உயிரோடு வைத்திருக்கிறோம்.

இப்போது டப்பாவுக்கு வருகிறேன். மூன்று நாளில் பச்சை வந்தது என்கிறீர்கள். வரும். கொஞ்சம் தழைச்சத்து, கொஞ்சம் இரும்பு, மக்னீசியம் கலந்து எதை அடித்தாலும் இலை பச்சை காட்டும். ஏற்கனவே கருகருவென்று இருந்த பயிருக்கு இன்னும் பச்சை ஏற்றுவது, வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்குப் பசி மருந்து கொடுக்கிற மாதிரி. டப்பாவில் என்ன இருக்கிறது என்று லேபிளைப் படித்தீர்களா? கடல்பாசிச் சாறு, ஹியூமிக், அமினோ அமிலம் என்று இருந்தால் அது உயிர்ஊக்கி என்ற வகையில் வரும்; 2021-இல் இருந்து அவை உரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. அதற்கு முன்னால் கேட்பாரில்லை. ஏறத்தாழ 30,000 சரக்குகள் கேள்வியில்லாமல் விற்றன, கெடுபிடி வந்தபிறகு 650 அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று மத்திய விவசாய அமைச்சரே 2025 ஜூலையில் சொன்னார். கடல்பாசிச் சாறு எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன், வறட்சியில் வாடிய பயிருக்குக் கொஞ்சம் உதவுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘பூஸ்டர்’ என்று மட்டும் போட்டு, உள்ளே என்ன, எத்தனை சதவீதம் என்று போடாத டப்பாவைக் கையால் தொடாதீர்கள். பில் கேளுங்கள். பில் தராத கடையில் யூரியா கிடைத்தாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது, ஆனால் சம்பா நடுவில் யூரியாவுக்கு அலைகிற அவஸ்தை எனக்கும் தெரியும், அதனால் அதை வற்புறுத்தவில்லை.

780 ரூபாய்க்கு உங்களுக்கு நான் வாங்கித் தந்திருக்கக்கூடிய பொருள் இலை வண்ண அட்டை. சட்டைப்பையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு, இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை எட்டிலிருந்து பத்துக்குள், வயலில் பத்து இடத்தில், மேலிருந்து மூன்றாவதாக முழுசாக விரிந்த இலையை எடுத்து நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேராக விழக்கூடாது, உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள். முதல் நாள் பார்த்த ஆளே எல்லா வாரமும் பார்க்க வேண்டும், ஆளுக்கு ஆள் கண் மாறும். பத்தில் ஆறு இலை 4-க்குக் கீழே இருந்தால் மட்டும் (வெள்ளைப் பொன்னிக்கு 3) தழைச்சத்து போடலாம். சம்பாவில் ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து, ஏக்கருக்கு யூரியாவாக 26 கிலோ, அரை மூட்டைக்குக் கொஞ்சம் மேலே. ஆறு இலை கீழே இல்லையா, வீட்டுக்குப் போய்க் காபி குடியுங்கள். பொன்னி வகைகளில் நானாக இருந்தால் 4 என்று கறாராக நிற்காமல் 3-க்கும் 4-க்கும் நடுவில் விட்டுவிடுவேன், தழைச்சத்து கூடினால் குலைநோய் வரும் என்ற பயம் எனக்கு அதிகம்.

இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்றால், என் சொந்த வயலில் ஒரு வருடம் பக்கத்து வயல் என்னுடையதைவிடக் கறுப்பாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மூட்டை கூடப் போட்டேன். கார்த்திகை மழையில் பாய் விரித்த மாதிரி படுத்தது. அடுத்தவன் வயல் நிறத்தைப் பார்த்து உரம் போடுகிறவர்களில் நானும் ஒருத்தன்தான். அந்த அட்டை அதற்குத்தான்: பக்கத்து வயலைப் பார்க்காமல் இருக்க.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம். 50-ஆம் நாள் என்றால் உள்ளே கதிர் உருவாகத் தொடங்கும் நேரம், நாளைக் கடத்தாதீர்கள். நாளைக் காலை ஒரு குத்தை வேரோடு பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். வெள்ளையும் செம்பழுப்புமாக இருந்தால் பிழைத்தீர்கள். கறுத்து, அழுகிய முட்டை வாடை வந்தால் மழை விட்டதும் தண்ணீரை வடித்து இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள், லேசாக வெடிப்பு விடும் வரை. அப்புறம் நீர் மறைய நீர் கட்டினால் போதும், குளம்போல் நிறுத்த வேண்டாம். குனிந்து தண்ணீர் மட்டத்தில் தண்டைப் பாருங்கள்: பாம்புத் தோல் மாதிரித் திட்டு இருந்தால் அது இலையுறைக் கருகல், குத்தைத் தட்டினால் பூச்சி உதிர்ந்தால் புகையான். மஞ்சளுக்கு இருட்டு மட்டும்தான் காரணம் என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சத்தியம் செய்ய முடியாது. இரண்டில் எது இருந்தாலும் படம் எடுத்துக்கொண்டு வேளாண் உதவி அலுவலரிடம் போங்கள், நேராகக் கடைக்குப் போகாதீர்கள்.

பட்டம், அதாவது பயிருக்கு நடுவே நடைபாதை மாதிரி இடைவெளி, விட்டீர்களா என்று எழுதவில்லை, விட்டிருக்க மாட்டீர்கள். எட்டடிக்கு ஒரு அடி, கிழக்கு மேற்காக. நடும்போதே விட்டால் அழகு, இப்போதும் கழியை வைத்துப் பயிரை இரு பக்கமும் விலக்கிவிடலாம். ‘இடம் வீணாகுதே’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஓரத்துக் குத்துகளைப் போய்ப் பாருங்கள், வரப்போரம் நிற்பது எப்போதும் உள்ளே நிற்பதைவிடத் தடிமனாக இருக்கும், அடி இலையும் பச்சையாக இருக்கும். பட்டம் என்பது வயலுக்கு உள்ளேயே ஓரங்களை உண்டாக்குவது. வெளிச்சமும் காற்றும் இறங்கும், புகையானும் மட்டுப்படும், மருந்தடிக்கிற ஆளுக்கு நடக்க வழியும் கிடைக்கும். செலவு ஒரு ஆள் கூலி.

பொட்டாஷ் போட்டதாகவே எழுதவில்லை. இந்தச் சமயத்தில் ஏக்கருக்கு எட்டு, பத்து கிலோ போடுங்கள். இலைத்துளை திறந்து மூடுவதற்கு அது வேண்டும், தண்டும் கொஞ்சம் உறுதியாக நிற்கும். யூரியா பச்சை காட்டும், பொட்டாஷ் எதையும் காட்டாது, அதனால்தான் யாரும் போடுவதில்லை.

விதை விஷயம். ஒளிச்சேர்க்கை செய்யும் முறையில் நெல் சி3 என்ற வகைப் பயிர். இலைக்குள் கரிவளியை (கார்பன் டை ஆக்சைடு) பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி ரொம்ப மந்தம், ஒரு நொடிக்கு மூன்று மூலக்கூறு அளவுதான் பிடிக்கும், அதிலும் அடிக்கடி தவறி ஆக்சிஜனைப் பிடித்துவிட்டு அந்தத் தப்பைத் திருத்தச் சக்தியைச் செலவழிக்கும். சூடு ஏற ஏற நஷ்டமும் ஏறும். மக்காச்சோளம், கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் சி4 என்ற இன்னொரு வகை. அவை கரிவளியை உள்ளறைக்குத் தள்ளி அடைத்துக் கொடுப்பதால் ரூபிஸ்கோவுக்குத் தவற வாய்ப்பு குறைவு. அதே ஏற்பாட்டை நெல்லில் கொண்டுவர 2008 வாக்கில் பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள், பிறகு ஆக்ஸ்போர்டிலிருந்து நடந்தது. இலையின் உள்கட்டமைப்பையே மாற்ற வேண்டும், நரம்புகளை நெருக்கமாக்க வேண்டும், லேசுப்பட்ட வேலை இல்லை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேறு வழி பார்த்தார்கள்: உச்சி வெயிலில் இலை சக்தியை வெளியே தள்ளுகிறது என்றேனே, மேகம் மறைத்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடப் பல நிமிடம் எடுக்கும், அதைச் சீக்கிரம் விட வைத்தார்கள். 2016-இல் புகையிலையில் செடியின் எடை 15 சதவீதம் போலக் கூடியது, 2022-இல் சோயாவில் 33 சதவீதம் வரை மகசூல் கூடியதாக வெளியிட்டார்கள். நல்ல வேலை. கடையில் விதையாக வரவில்லை.

உங்கள் வாட்ஸப்பில் வந்தது, எனக்குத் தெரிந்து, 2025 மே மாதம் அறிவித்த மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களைப் பற்றியதாக இருக்கும். அதில் ‘கமலா’ என்கிறது வேறொன்றுமில்லை, உங்கள் வயலில் நிற்கிற அதே பிபிடி 5204-இல் ஒரு மரபணுவைத் திருத்தியது. கதிரில் மணி அதிகம், சுமார் 20 நாள் முன்னதாக அறுவடை. இலை வெயிலை இழுப்பதில் எந்த மாற்றமும் இல்லை. யோசித்துப் பாருங்கள்: மணி எண்ணிக்கை கூடினால் நிரப்ப மாவும் கூட வேண்டும். அடி இலை செத்துக் கிடக்கும் வயலில் அந்த விதையைப் போட்டால் பதரும் சேர்ந்து கூடும்.

அடுத்த வருடத்துக்கு ஒன்று. பிபிடியை ஆடியிலேயே விதைத்தால் கார்த்திகை மூட்டத்தில் பூக்கும். அறுவடைக்கு முந்தைய 45 நாள் வெயில்தான் நெல்லுக்கு முக்கியம். ஆவணி கடைசி, புரட்டாசி முதல் வாரம் விதைத்தால் மார்கழி கடைசியில் பூத்து, தை வெயிலில் பால் கட்டும். மேட்டூரை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம், அதனால் கடைமடைக்காரர் என்றால் ரொம்பவும் தள்ளாதீர்கள். போர்வெல் இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. குத்துக்கு இரண்டு மூன்று நாற்று, 20-க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளி என்று கான்ட்ராக்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், கூலி கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள், விதையில் மிச்சமாகிவிடும்.

மீதி இருக்கிற டப்பாவைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். வேர் என்ன நிறத்தில் இருந்தது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.